மே மாதக் காய்ச்சல்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் உனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. சீனாவுக்கு அமெரிக்கா கொடுத்த நிரந்தர வர்த்தக அந்தஸ்தை ரத்து செய்யும் மசோதாவைப் படித்து, உங்கள் எம்.பி.க்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். "இதெல்லாம் முன்னாடியே நடந்ததாம்மா?" என்று வேறு கேட்டாய். நடந்ததாவா? 1990இலிருந்து பத்து வருஷம் எங்கள் ஆபீஸுக்கு மே மாதம் வந்தாலே இந்தக் காய்ச்சல்தான்.

நான் அப்போது நெவார்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சுங்க ஏஜென்ட்டிடம் வேலை பார்த்தேன். இன்வாய்ஸைப் பார்த்து, சரக்குக்கு உரிய எண்ணைச் சுங்க அட்டவணையில் தேடி, வரியைக் கணக்குப் போடும் வேலை. அந்த அட்டவணை, தாள்களைக் கழற்றி மாட்டுகிற பெரிய ஃபைல். ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே முதல் பத்தி, இரண்டாம் பத்தி என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரி விகிதம் இருக்கும். முதல் பத்தி கிட்டத்தட்ட எல்லா நாடுகளுக்கும். இரண்டாவது, அமெரிக்கா ஒதுக்கிவைத்த நாடுகளுக்கு. அதில் இருப்பது 1930இல் ஸ்மூட்-ஹாலி சட்டம் போட்ட பழைய வரி. பொம்மையை எடுத்துக்கொள். முதல் பத்தியில் இன்று சுங்கமே கிடையாது, இரண்டாவதில் 70 சதவீதம். (2018க்குப் பிறகு தனியாக மேலே ஏற்றிய வரிகள் வேறு கணக்கு, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதே.)

முதல் பத்தி வரி கிடைக்கிற நாட்டுக்கு 'மிகவும் விருப்பத்துக்குரிய நாடு' என்று பெயர் வைத்தார்களே, அதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். கேட்பவர்கள் ஏதோ தனிச் சலுகை என்று நினைத்தார்கள். உண்மையில் அது எல்லோருக்கும் போடுகிற சாப்பாடுதான். 1998இல் 'இயல்பான வர்த்தக உறவு' என்று சட்டத்திலேயே பெயரை மாற்றினார்கள். அதற்குள் எட்டு வருஷம் கத்தி முடித்திருந்தார்கள்.

சட்டம் உனக்கே தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1974 வர்த்தகச் சட்டத்தில் ஜாக்சன்-வானிக் திருத்தம். சோவியத் யூனியனிலிருந்து யூதர்களை வெளியேற விடவில்லை என்பதற்காக வந்தது. குடிமக்களை வெளியேற விடாத கம்யூனிஸ்ட் நாட்டுக்கு முதல் பத்தி கிடையாது. வேண்டுமென்றால் ஜனாதிபதி வருஷா வருஷம் விலக்கு கொடுக்கலாம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை மறுத்துத் தீர்மானம் போடலாம். 1980இல் சீனாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. ஒன்பது வருஷம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விலக்கு முடியும் நாள் ஜூலை 3. நீட்டிக்க வேண்டுமானால் ஜனாதிபதி ஜூன் 3க்குள் சொல்லியாக வேண்டும். பெய்ஜிங்கில் ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்களை அடக்க, தியானன்மென் சதுக்கத்தை நோக்கி டாங்குகள் கிளம்பியதும் 1989 ஜூன் 3 ராத்திரிதான். தற்செயல்தான், ஆனாலும் அடுத்த வருஷத்திலிருந்து அந்தத் தேதியை யாராலும் சாதாரணமாகத் தாண்ட முடியவில்லை.

1990 அக்டோபரில் பிரதிநிதிகள் சபை 247-174 என்று மறுத்து ஓட்டுப் போட்டது. செனட் அதைத் தொடவே இல்லை. அடுத்து சபை உறுப்பினர் நான்சி பெலோசியின் மசோதா வந்தது. அது ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. கைதிகள் விவகாரம், ஆயுத விற்பனை என்று நிபந்தனைகளை வைத்து, நிறைவேற்றினால் நீட்டிக்கிறோம் என்றது. ஜனாதிபதி புஷ் (அப்பா புஷ்) 1992 மார்ச்சில் வீட்டோ செய்தார். சபையில் 357-61 என்று வீட்டோவை முறியடித்தார்கள். செனட்டில் 60-38. மூன்றில் இரண்டு பங்குக்கு ஆறு ஓட்டு குறைந்து போயிற்று. அந்த வருஷ இலையுதிர்காலத்தில் இன்னொரு மசோதாவும் இதே வழியில் போய், இதே இடத்தில் விழுந்தது.

இந்த ஓட்டெல்லாம் எங்கள் ஆபீஸில் எப்படி இருந்தது தெரியுமா? கிறிஸ்துமஸ் பொம்மைக்கு வசந்த காலத்திலேயே ஆர்டர் போட்டாக வேண்டும். சரக்கு கப்பல் ஏறிய நாளின் வரி செல்லாது, இங்கே வந்து பதிவு செய்யும் நாளின் வரிதான். ஆகவே மே மாதத்தில் வியாபாரிகள் போன் மேல் போன் போடுவார்கள். ஒருவர் நேரிலேயே வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் பத்தியை வைத்து ஒரு கணக்குப் போட்டுக்கொடு என்றார். பத்தாயிரம் டாலர் கரடி பொம்மைக்கு ஏழாயிரம் டாலர் வரி. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போனார். ஜூலை வந்தது, விலக்கு நீடித்தது. அடுத்த மே மாதம் மறுபடி வந்தார்.

எனக்கு அப்போது எரிச்சல்தான். எப்படியும் நிறைவேறாத மசோதாவுக்கு எதற்கு இத்தனை கூத்து என்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். ஜூன் நெருங்கும்போது அங்கே சிறைக்கதவு கொஞ்சம் திறந்தது. 1990 மே மாதம் 211 பேரை விட்டார்கள். ஒரு வருஷமாக அமெரிக்கத் தூதரகத்துக்குள் அடைந்து கிடந்த விஞ்ஞானி ஃபாங் லீஜியை ஜூனில் வெளிநாடு போக விட்டார்கள். தியானன்மென் போராட்டத்துக்காக உள்ளே போட்டவர்களில் 1994 ஏப்ரலில் வாங் ஜுன்தாவ், மே மாதத்தில் சென் ஜிமிங் வெளியே வந்தார்கள். அதற்காகப் பெரிதாகப் புகழவும் முடியாது. சென் ஜிமிங்கை அடுத்த வருஷமே திரும்ப உள்ளே போட்டார்கள். ஆளை விடுவதும் பிடிப்பதும் பேரம் ஆகிவிட்டது. கிளிண்டன் 1993இல் தாமே நிபந்தனை விதித்தார். மறுவருஷம் மார்ச்சில் அவருடைய வெளியுறவு அமைச்சர் வாரன் கிறிஸ்டோபர் பெய்ஜிங் போகிற நேரம் பார்த்தே எதிர்ப்பாளர்கள் சிலரைப் பிடித்து வைத்தார்கள். மே 26 அன்று கிளிண்டன் மனித உரிமை வேறு, வர்த்தகம் வேறு என்று பிரித்துவிட்டார். மிரட்டுவதைச் செய்யமாட்டார்கள் என்று எதிராளிக்குத் தெரிந்தபின் என்ன மிச்சம்?

2000 மே மாதம் நிரந்தர அந்தஸ்துக்கு ஓட்டு, 237-197. அன்றைக்கு நீ என் மடியில் இருந்தாய். இனி மே மாதம் நிம்மதி என்று நான் சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன். அந்தச் சட்டத்திலேயே, வருஷா வருஷம் ஓட்டுப் போடுவதற்குப் பதிலாக, சீனாவின் மனித உரிமை பற்றி அறிக்கை எழுத ஓர் ஆணையம் வைத்தார்கள். அறிக்கை ஒழுங்காகத்தான் வருகிறது. அதைப் படித்துவிட்டு எந்த வியாபாரியும் ஏஜென்ட்டுக்குப் போன் போடுவதில்லை.

சரி, உன் குறிப்புக்கு வருகிறேன். ரஷ்யாவை உதாரணமாக இழுப்பார்கள். 2022இல் சபையில் 420-3, செனட்டில் 100-0 என்று ஒரு மூச்சில் இரண்டாம் பத்திக்குத் தள்ளினார்களே என்பார்கள். நீ அட்டவணையைப் புரட்டிப் பார். 1930இல் வரியைத் தீட்டியது உற்பத்திப் பொருள் மேல். கச்சாப் பொருள் பலவற்றுக்கு இரண்டாம் பத்தியிலும் வரி குறைவு, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. ரஷ்யாவிடமிருந்து வந்ததில் பெரும்பகுதி அந்த வகை. சீனாவிடமிருந்து வருவது பொம்மை, லேப்டாப், போன். போனுக்கு இரண்டாம் பத்தியில் 35 சதவீதம். 2025 ஜனவரியில் சபை உறுப்பினர்கள் மூலனாரும் சுவோசியும் கொண்டுவந்த மசோதா இதற்கும் மேலே போகிறது: குறைந்தபட்சம் 35, முக்கியத் தொழில் சரக்குகளுக்கு 100, ஐந்து வருஷத்தில் படிப்படியாக.

நான் உன் இடத்தில் இருந்தால் முதல் பக்கத்தில் ஒன்றைத்தான் கேட்பேன். சீனா என்ன செய்தால் இந்த வரி இறங்கும்? பெலோசி மசோதாவில் அதற்குப் பதில் இருந்தது. நீ வைத்திருப்பதில் இருக்கிறதா என்று தேடு. சீனத் தொழிற்சாலை வேண்டாம் என்பதுதான் நோக்கமென்றால், அதையும் வெளிப்படையாக எழுது. அது ஒரு கொள்கை, தப்பில்லை. ஆனால் கைதிகள் பேரைச் சொல்லி அதை விற்கக்கூடாது.

பழைய ஃபைலை ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து இறக்கினேன். தூசி. தபாலில் அனுப்புகிறேன், 95ஆம் அத்தியாயத்தைப் பார். பென்சிலில் உள்ள கணக்கு என்னுடையது, அதன் மேல் சிவப்பு கிரேயான் உன்னுடையது.

அன்புடன்,
அம்மா