செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: தமிழ் அலமாரிக்கு ஓர் அடிப்படைப் பட்டியல்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு நான்கு முறை கூடியது. ஒரு கூட்டம் போதிய ஆள் வராமல் தள்ளிப்போனது. தேர்வு நேரம், யாரையும் குறை சொல்வதற்கில்லை. மற்றபடி ஆண்டு முழுவதையும் ஒரே வேலை விழுங்கிவிட்டது: சிறிய கல்லூரியின் தமிழ் அலமாரியில் கட்டாயம் இருக்க வேண்டிய நூல்களைப் பட்டியலிட்டு, அதை நாமே ஒருவருக்கொருவர் மதிப்பாய்வு செய்தது.

இது எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். நம் கல்லூரி நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குவது மார்ச் மாதத்தில், நிதி காலாவதியாகும் முன், விற்பனையாளர் நீட்டும் பட்டியலில் டிக் அடித்து. அதனால்தான் ஒரே கைடு பன்னிரண்டு படி இருக்கும், அகநானூறு இருக்காது.

1931-இல் அமெரிக்காவின் சுவார்த்மோர் கல்லூரி நூலகர் சார்லஸ் ஷா இப்படியொரு பட்டியல் வெளியிட்டார். சுமார் 14,000 நூல்கள். பரிந்துரைத்தவர்கள் ஆசிரியர்களும் நூலகர்களுமாக 200 பேர். அதே ஆண்டில்தான் நூலகவியல் முன்னோடியான நம் ரங்கநாதனின் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' நூலும் சென்னையில் அச்சேறியது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் மூன்று புதிய வளாகங்களுக்கு நூல் வாங்கியபோது உருவான பட்டியலிலிருந்து 1967-இல் இன்னொன்று வந்தது. அதில் 53,000-க்கும் மேல். நம் பட்ஜெட்டை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். பலர் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, நமக்கென்று மூன்று விதி வைத்தோம். தொகுத்தவரே மதிப்பிடக் கூடாது. ஒரு நூலை இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும். வேண்டும், வேண்டாம் எதுவானாலும் ஒரு வரி காரணம் எழுத வேண்டும்.

காரணம் கேட்டதும்தான் சிக்கல். முதல் சுற்றில் வந்த மதிப்பாய்வுச் சீட்டுகளில் பாதிக்கு மேல் "நல்ல நூல்" என்று மட்டும் இருந்தது. திருப்பி அனுப்பினோம், சிலருக்குக் கோபம். இரண்டாம் சுற்று குறுந்தொகையில் வந்து நின்றது. தொகுத்தவர் "குறுந்தொகை, உரையுடன்" என்று எழுதியிருந்தார். எந்த உரை? 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்தது ஒன்று, 1937-இல் உ.வே.சா. பதிப்பித்தது ஒன்று, அப்புறம் வந்த எளிய உரைகள் பல. உ.வே.சா. பதிப்புதான் இணையத்திலேயே கிடைக்கிறதே என்றார் ஒருவர். பாடவேறுபாட்டை, அதாவது சுவடிக்குச் சுவடி சொல் மாறுவதை, வகுப்பில் காட்டக் கையில் புத்தகம் வேண்டாமா என்றார் மற்றவர். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் உ.வே.சா. பதிப்பு கட்டாயம், எளிய உரை ஒன்று விருப்பம் என்று முடிவாயிற்று. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியிலும் இதே கதை. ஒரு கல்லூரி "இருக்கிறது" என்று எழுதி அனுப்பியது. போய்ப் பார்த்தால் 1992-இன் முதல் பதிப்பு. 2008-இலும் 2020-இலும் அடுத்த பதிப்புகள் வந்தாயிற்று. அன்றிலிருந்து பட்டியலில் பதிப்பாண்டுக்குத் தனிக் கட்டம் சேர்த்தோம். இந்த ஆண்டின் உருப்படியான வேலை எது என்றால் அந்தக் கட்டத்தைத்தான் சொல்வேன்.

ஒரு தவறு என்னுடையது. நான் தொகுத்த இலக்கணப் பகுதி மதிப்பாய்வுக்கு என் கல்லூரித் தமிழாசிரியரிடமே போய்விட்டது. அவர் ஒரு நூலைக்கூட வேண்டாம் என்று நீக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேறு கல்லூரிக்கு அனுப்பியதும் மூன்று விழுந்தன. அதில் ஒன்று வினா-விடை நூல். அட்டையைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். நாட்டார் வழக்காற்றியல் பகுதிக்கு ஒருவர்தான் மதிப்பாய்வு தந்திருக்கிறார். ஈழத்து இலக்கியத்துக்கு ஒருவரும் முன்வரவில்லை, இரண்டும் நிலுவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். சீட்டுகள் மேசைமேல் இருக்கின்றன.

செயலாளர்