மகளுக்கு, பெல்லின் தேற்றம் குறித்து

அன்பு மகளுக்கு,

குவாண்டம் இயக்கவியலின் அடிப்படைகளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகவும், "கணக்கு சரியாக வருகிறது, அதற்குமேல் பொருள் தேடுவது வீண்" என்று உடன் பயில்வோர் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அவர்கள் வாதத்தை நான் ஏற்கவில்லை. இயற்பியலாளர் ஜான் பெல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள் இயற்பியலையும் முடுக்கிகளையும் தொழிலாகக் கொண்டிருந்தவர்; ஆனால் 1964-இல் அவர் எழுதிய சிறு கட்டுரைதான், அளப்பதற்கு முன்பே துகள்களுக்குத் திட்டவட்டமான பண்புகள் உண்டா என்ற, தத்துவம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு கேள்வியை அளந்து சோதிக்கக்கூடிய கேள்வியாக்கியது.

பின்னிப் பிணைந்த, அதாவது எவ்வளவு தொலைவிலும் அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும், இரு துகள்கள் தத்தம் விடைகளை முன்கூட்டியே சுமந்து செல்கின்றன, இங்கே செய்யும் அளவீடு அங்கே உள்ளதை உடனடியாகப் பாதிப்பதில்லை, அளக்கும் திசையை நாம் விருப்பப்படி தேரலாம் என்று கொண்டால், நான்கு ஒத்திசைவுகளை (இருபுற விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவுகளை) கூட்டிக் கழித்து வரும் ஓர் எண் 2-ஐத் தாண்டக் கூடாது. குவாண்டம் கொள்கையோ அதை ஏறத்தாழ 2.83 வரை அனுமதிக்கிறது. இந்த முரண்தான் பெல்லின் தேற்றத்தின் சாரம். 1972-இல் ஃப்ரீட்மனும் கிளாசரும், 1982-இல் அஸ்பேவும் நடத்திய சோதனைகள் குவாண்டம் கொள்கையின் பக்கமே நின்றன. எனினும் சில ஓட்டைகள் அடைபடாமல் இருந்தன. அவற்றில் பெரியவை இரண்டு: ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு ஒளிவேகத்தில் ஏதோ தகவல் போயிருக்கலாம்; பதிவாகாமல் போன துகள்களால் முடிவு திரிந்திருக்கலாம். 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் அளக்க வேண்டிய எலக்ட்ரானைத் தாங்கிய இரு வைரங்களை 1,280 மீட்டர் இடைவெளியில் வைத்தார்கள். அத்தொலைவைக் கடக்க ஒளிக்கே 4.27 மைக்ரோ நொடி வேண்டும். அதற்குள் இருபுறமும் திசையைத் தேர்ந்து, எலக்ட்ரானின் தற்சுழற்சி (ஸ்பின்) என்னும் பண்பைப் படித்து முடித்துவிட்டார்கள். 245 முயற்சிகளில் கிடைத்த எண் 2.42. இரு பெரிய ஓட்டைகளும் ஒரே சோதனையில் அடைபட்டதை நினைக்கும்போது இன்றும் எனக்கு உள்ளம் நிறைகிறது.

உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்த ஒத்திசைவைக் கொண்டு செய்தி எதையும் அனுப்ப முடியாதாகையால் ஒளியைவிட வேகமாகச் செய்தி செல்லாது என்னும் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் நேரடியாக முறியவில்லை; ஆனால் குவாண்டம் கொள்கைக்குத் தரப்படும் ஒவ்வொரு விளக்கமும் அதனுடன் இணங்க ஒரு விலை தருகிறது. இயற்பியலாளர் டேவிட் போம் 1952-இல் தந்த கொள்கையில் துகள்களுக்குத் திட்டவட்டமான பாதைகள் உண்டு; ஆனால் அதன் வழக்கமான வடிவத்துக்கு, நம்மால் ஒருபோதும் கண்டறிய முடியாத அண்டம் முழுவதற்குமான ஒரு பொது 'இப்போது' தேவைப்படுகிறது; சார்பியலிலோ அப்படி ஒன்று இல்லை. ஹியூ எவரெட் 1957-இல் முன்வைத்த, பல உலகங்கள் என அறியப்படும் பார்வைக்கு அது தேவையில்லை. மாறாக, எல்லா விளைவுகளும் நிகழும் உலகில் நிகழ்தகவு என்றால் என்ன என்பதை அது விளக்கியாக வேண்டும். ஜிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் 1986-இல் அலைச்சார்பு, அதாவது துகளின் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பு, தானாகவே சுருங்கும் என்று சமன்பாட்டையே திருத்தினார்கள். அதனால் இம்மூன்றில் அவர்கள் கொள்கை மட்டுமே வழக்கமான குவாண்டம் கணிப்பிலிருந்து விலகி, சோதனையில் தனித்துத் தோற்கக் கூடியது; அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கிறது.

எனவே எந்த விளக்கம் மனத்துக்கு இனியது என்று கேட்காதே, அம்மா. சார்பியலையும் குவாண்டத்தையும் இணைக்கும் சார்பியல் புலக் கொள்கைக்குள் கொண்டுசென்றால் அது எதை இழக்கிறது, எதைப் புதிதாகக் கேட்கிறது என்று பார். உன் நெறியாளர் இம்மூன்றில் எதன் பக்கம் சாய்கிறார், ஏன் என்பதை அடுத்த மடலில் விரிவாக எழுது.

அன்புடன்,
அப்பா