அப்பாவுக்கும் படித்துக் காட்டு

புளோரிடா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா? அனுப்பிய பணம் கிடைத்ததா? இங்கே வாடகைச் செலவு கிடையாது. 2022 முதல் பேஸ்பாலில் மைனர் லீக் (பெரிய லீக்குக்குக் கீழ்ப்படி) ஆட்டக்காரர்களுக்குக் கிளப்தான் வீடு தரவேண்டும். ஆகவே சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடிகிறது. காலையில் நீ வாழைக்காயை மசித்துச் செய்யும் மங்கு மட்டும்தான் இல்லை.

இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து, முதல், இரண்டாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் செகண்ட் பேஸுக்கு என்னை மாற்றியதில் அப்பாவுக்கு வருத்தம் என்று தங்கை சொன்னாள். போனில் பேசினால் சண்டையில் முடியும், அதனால்தான் எழுதுகிறேன். அவருக்குப் படித்துக் காட்டு.

நம் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த பையன்களில் யாரைக் கேட்டாலும் ஷார்ட்ஸ்டாப் என்கிறான். எல்லோருக்கும் இடம் எங்கே? நம் சான் பெத்ரோக்காரர் அல்போன்சோ சொரியானோவும் அப்படி வந்தவர்தான். நியூயார்க் யாங்கீஸ் அணியில் அந்த இடத்தில் டெரெக் ஜீட்டர் இருந்தார். 2001-இல் சொரியானோவை செகண்ட் பேஸில் இறக்கினார்கள். அடுத்த வருஷமே பந்தை வேலி தாண்டி அடிக்கும் ஹோம் ரன் 39, எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடும் ஸ்டீல் 41. நம் நாட்டு ரொபின்சன் கனோ ஆடியதும் செகண்ட் பேஸ்தானே? இதில் என்ன இறக்கம்?

வேலை கஷ்டம்தான். ஒரே அடியில் இரண்டு பேரை அவுட்டாக்கும் டபுள் ப்ளேயில் ஷார்ட்ஸ்டாப் எறியும் பந்தைப் பார்த்துக்கொண்டே பேஸுக்கு ஓடவேண்டும். முதல் பேஸிலிருந்து ஓடிவரும் எதிரணி ரன்னர் என் முதுகுப் பக்கமிருந்து வருவான். முகம் தெரியாது, ஷூ சத்தம்தான் கேட்கும். இடது கால் பேஸில், பந்து கிளவுஸில் பட்டதும் வலது கைக்கு மாற்றி, இடுப்பைத் திருப்பி முதல் பேஸுக்கு எறியவேண்டும். பயப்படாதே அம்மா, காலை வாருவதற்கென்றே சறுக்கி வரக்கூடாது என்று பெரிய லீக்கில் 2016-லேயே விதி வந்துவிட்டது. இங்கேயும் அதேதான். மைதானத்து மண்ணைச் சீவித் தண்ணீர் தெளித்து வைக்கிறார்கள், பந்து சொன்ன பேச்சு கேட்கிறது. நம் தெருவில் கல்லில் பட்டு எகிறிய பந்தைப் பிடித்த கைக்கு இது சுலபம்.

அப்புறம், தம்பி விஷயம். அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தச் சொல்கிற பயிற்சியாளர் பேச்சைக் கேட்காதே. பதினாறு வயதில் கிளப்போடு கையெழுத்துப் போடலாம் என்பதற்காகப் பன்னிரண்டிலேயே புத்தகத்தை மூடவைக்கிறார்கள். போகா சிகாவில் உள்ள பேஸ்பால் பயிற்சி அகாடமியில் என்னோடு இருந்தவர்களில் எத்தனையோ பேர் அமெரிக்காவையே பார்க்காமல் வீடு திரும்பினார்கள். நல்ல கை, நல்ல கால் உள்ள பையன்கள் அம்மா. இன்று கையில் பந்தும் இல்லை, படிப்பும் இல்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

அவன் காலையில் பள்ளிக்குப் போகட்டும், சாயங்காலம் ஆடட்டும். ஷார்ட்ஸ்டாப்போடு செகண்ட் பேஸிலும் நின்று பழகச் சொல். செப்டம்பரில் சீசன் முடிந்ததும் வருகிறேன், கூட நின்று நானே சொல்லித் தருகிறேன். பள்ளிச் செலவுக்குத் தனியாகப் பணம் அனுப்புகிறேன், அதை வேறெதற்கும் எடுக்காதே.

உன் அன்பு மகன்