கண்காட்சிக்கு மாடல் வேண்டாம், நோட்டு போதும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். வழக்கம்போல அன்று நம் பள்ளியில் கண்காட்சி உண்டு. ஆனால் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை தெர்மாகோல் எரிமலை, கடையில் வாங்கிய சூரியக் குடும்பம் எதுவும் இந்த வருடம் வேண்டாம். பிள்ளைகள் ஒரு கேள்வியை எடுத்துச் சோதித்து, நடந்ததை எழுதிய நோட்டைக் கொண்டுவந்தால் போதும். (எரிமலைகள் அழகாகத்தான் இருந்தன. பல எரிமலைகள் அப்பாக்களின் கைவேலை என்பதும் எங்களுக்குத் தெரியும்.)

எந்த மாதிரிச் சோதனை என்று கேட்பீர்கள். காலை வழிபாட்டில் பிள்ளைகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஃபிரான்செஸ்கோ ரெடி என்றொரு அரண்மனை வைத்தியர் இருந்தார். அழுகும் இறைச்சியில் புழு தானாகவே உண்டாகிறது என்று அந்தக் காலத்தில் நன்றாகப் படித்தவர்களே நம்பினார்கள். ரெடிக்கு ஈக்கள் மேல் சந்தேகம், அவை இடும் முட்டையிலிருந்துதான் புழு வருகிறதோ என்று. பாம்பு, மீன், விலாங்கு, கன்றிறைச்சி என நான்கு குடுவைகளில் போட்டு வாயை இறுக அடைத்தார். அதையே இன்னொரு நான்கு குடுவைகளில் போட்டுத் திறந்து வைத்தார். திறந்தவற்றில் புழு நெளிந்தது. அடைத்தவற்றில் நாற்றம் இருந்தது, புழு இல்லை.

சரி, முடிந்ததா என்றால் இல்லை. 'காற்றே போகாத இடத்தில் புழு எப்படி உண்டாகும்?' என்று யாராவது மடக்கினால்? அதனால் மெல்லிய வலைத்துணி கட்டி மறுபடி செய்தார். காற்று போனது, ஈயால் போக முடியவில்லை. புழுக்கள் துணியின் மேலே இருந்தன, இறைச்சியில் இல்லை. 1668இல் இதையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார். தன்னை எதிர்த்து என்ன கேட்பார்கள் என்று தானே யோசித்துச் செய்த அந்த இரண்டாவது சோதனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இத்தனைக்கும் அதே ரெடி, செடிகொடிகளின் புடைப்புக்குள் இருக்கும் புழுவைச் செடியே உண்டாக்குகிறது என்று நம்பினார். அது தவறென்று பிறகு மல்பீகி என்ற இன்னொரு இத்தாலிய அறிஞர் காட்டினார்.

வீட்டில் கறித்துண்டெல்லாம் வைக்க வேண்டாம், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். வாழைப்பழம் போதும். ஒரே அளவு பாட்டில் இரண்டு, ஒரே பழத்தின் இரண்டு துண்டுகள், இரண்டும் ஒரே இடத்தில். ஒன்றின் வாயில் மட்டும் வேட்டித் துணி. வேறுபாடு அந்தத் துணி ஒன்றில்தான் இருக்க வேண்டும். தினமும் பார்த்து எழுதட்டும்.

மூடிய பாட்டிலிலும் ஈ வந்துவிடலாம். அப்போது தயவுசெய்து நோட்டைத் திருத்தச் சொல்லாதீர்கள், நீங்களும் திருத்தாதீர்கள். தோலில் முன்பே முட்டை இருந்ததா, துணி சரியாகக் கட்டவில்லையா என்று பிள்ளையே யோசித்து அடுத்த சோதனையை வைக்கட்டும். 'எதிர்பார்த்தபடி வரவில்லை' என்று எழுதிய நோட்டுக்கு மதிப்பெண் குறையாது. கையெழுத்துக்கும் அலங்காரத்துக்கும் மதிப்பெண் கிடையாது.

வாழைப்பழம்தான் என்றில்லை. எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரம் ஆறுகிறது, வெயிலில் வைத்த வெந்தயம் முந்தி முளைக்கிறதா, எதுவானாலும் சரி. நெருப்பு, மின்சாரம், அமிலம் மட்டும் கூடாது. கேள்வியை இந்த வாரத்துக்குள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். நோட்டுகள் பிப்ரவரி 24க்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்