பொதுமக்கள் சிக்னலுக்கும் பாதுகாப்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். ஜி.பி.எஸ். என்றால் போனில் வழி காட்டுவது என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறோம், ஆனால் அதே செயற்கைக்கோள்கள் ராணுவத்துக்குப் பூட்டுப் போட்ட தனி சிக்னலையும், நமக்குப் போலி செய்ய எளிதான திறந்த சிக்னலையும் அனுப்புகின்றன. 2000 மே மாதம் வரை, ஜி.பி.எஸ்.ஸை நடத்தும் அமெரிக்கா நம் திறந்த சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்தது, 100 மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். சரி, அது போய்விட்டது. இப்போதைய கவலை வேறு. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது மிக மிகப் பலவீனமாகிவிடுவதால், போலி சிக்னல் ஒன்றால் விமானத்தையும் கப்பலையும் ஏமாற்றிவிட முடிகிறது, நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஜி.பி.எஸ். போலவே ஐரோப்பா நடத்தும் செயற்கைக்கோள் அமைப்பான கலிலியோ, தன் சிக்னல் அசல்தானா என்று சரிபார்க்கும் வசதியை எல்லோருக்கும் இலவசமாகவே தருகிறது. மற்ற நாடுகளும் தயவுசெய்து இதைச் செய்யட்டும்.

– ஒரு வாசகர்