வெர்னியரை வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் போதுமா?

பினாங்கிலும் செபராங் பிறையிலும் சிறு எஞ்சின் பழுதுபார்ப்பு சொல்லித்தரும் பயிற்சி நிலையங்களின் பயிற்றுநர்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் படித்து எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழோடு வரும் பிள்ளைகள் பிறையில் என் பட்டறையில் வேலை பார்க்கிறார்கள். நல்ல பிள்ளைகள். சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள். கார்புரேட்டரைப் பிரித்தால் ஒரு திருகுகூடத் தொலைவதில்லை. ஆனால் பழைய சங்கிலி ரம்பத்தின் எஞ்சினைப் பிரித்துக் கட்டும்போது அவர்கள் எழுதித் தரும் அளவுகளை நம்ப முடிவதில்லை. தாடைகளால் கவ்வி அளக்கும் வெர்னியரில் தெரியும் எண்ணைச் சரியாக வாசிக்கிறார்கள். கருவியை எங்கே வைப்பது, வந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தந்ததாகத் தெரியவில்லை.

ஸ்டில் 070-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பால்மரங்களை அறுத்துச் சாய்த்தவர்களும் பாலிக் புலாவ் டுரியான் தோட்டக்காரர்களும் எளிதில் கைவிடாத ரம்பம். சிலிண்டர் விட்டம் 58 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் ஓட்டம் 40 மி.மீ., கொள்ளளவு 106 சி.சி. இப்படிப்பட்ட எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான். அதை யாரும் நேராக அளப்பதில்லை. சிலிண்டரை அளந்து, பிஸ்டனை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறோம். சிலிண்டர் 58.00, பிஸ்டன் 57.94, இடைவெளி 0.06 என்று பையன் எழுதுகிறான். அவன் கையில் இருப்பதோ 0.03 மி.மீ. கூடவோ குறையவோ காட்டக்கூடிய டிஜிட்டல் வெர்னியர். இரண்டு அளவிலும் அந்தப் பிழை இருக்கலாம் என்றால் உண்மையான இடைவெளி பூஜ்யமாகவும் இருக்கலாம், 0.12 ஆகவும் இருக்கலாம். முதலாவது என்றால் எஞ்சின் சூடேறியதும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது என்றால் பிஸ்டன் தேய்ந்துவிட்டது. திரையில் இரண்டு தசம இடம் மின்னுகிறது என்பதற்காக அந்த 0.06-ஐ நம்பி எஞ்சினை மூடிவிடுகிறார்கள்.

வெர்னியரின் உள்தாடைகளை வைத்துச் சிலிண்டரை அளப்பது இன்னும் மோசம். தாடையின் முனை தட்டை, சிலிண்டரின் சுவர் வளைவு. காட்டும் அளவு எப்போதும் உண்மையைவிடச் சற்றுக் குறையும். இந்த வேலைக்குச் சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜும், திருகி அளக்கும் மைக்ரோமீட்டரும் வேண்டும். மைக்ரோமீட்டரிலும் முதலில் அளவு தெரிந்த தண்டை வைத்துப் பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ராட்செட் முனையைத் திருகி அளக்க வேண்டும். கைப்பலத்தால் இறுக்கினால் ஆளுக்கொரு அளவு வரும்.

பிஸ்டன் சரியான வட்டம் அல்ல என்பதைக் கேட்டால் உங்கள் மாணவர்கள் வியக்கிறார்கள். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ‘பின்’ என்ற குறுக்குத்தண்டு போகும் திசையில் அது சற்றுக் குறுகல். தலைப்பக்கமும் அடியைவிடச் சிறிது. அந்தப் பின்னுக்குச் செங்குத்தாக, ஸ்கர்ட் எனப்படும் கீழ்ப்பகுதியில்தான் அளக்க வேண்டும். தலையில் அளந்துவிட்டு ‘தேய்ந்துவிட்டது’ என்று தீர்ப்பு எழுதினால் வாடிக்கையாளர் தேவையில்லாமல் புது பிஸ்டன் வாங்குகிறார். முலாம் பூசிய அலுமினிய சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கவும் வழியில்லை. பல நேரம் சிலிண்டரும் சேர்த்தே அவர் தலையில் விழுகிறது.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் வாய் இடைவெளிக்கு, அதாவது அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு, நாங்கள் பிடிக்கும் கணக்கு, விட்டத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு. 58 மி.மீ.க்கு ஏறக்குறைய 0.23 மி.மீ. ரிங்கைச் சிலிண்டருக்குள் விரலால் தள்ளிவிட்டு, ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகட்டைச் செருகினால், ரிங் சாய்ந்து நின்று இடைவெளியை அகலமாகக் காட்டும். பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக்கிய பிறகே அளக்க வேண்டும். மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று பார்த்தால் சிலிண்டர் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது சிலிண்டர் தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை ஈயக்கம்பி நசுக்கிப் பார்ப்பது பழைய முறை, நல்ல முறை. கம்பியை அந்தக் குறுக்குப் பின்னின் நேர்த்திசையில் வைக்காமல் அதற்கு முன்பக்கமோ பின்பக்கமோ வைத்தால் பிஸ்டன் ஆடிச் சாய்ந்து, இல்லாத இடைவெளியைக் காட்டும். 0.8 மி.மீ. கம்பி நசுங்காமல் அப்படியே வெளியே வந்தால் இடைவெளி 0.8 என்று எழுதுகிறார்கள். நசுங்காத கம்பி எதையும் அளக்கவில்லை!

பழைய அமெரிக்க ரம்பங்களின் கையேடுகள் அங்குலத்தில் பேசும். அதில் 0.015 என்று இருப்பது 0.38 மி.மீ. அதையே 0.15 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு தீப்பொறிக்கான பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளியை வைத்தால் ரம்பம் ஏன் கிளம்பவில்லை என்று அரைநாள் தேடலாம்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அளவுகளுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி என்று 1931-லேயே உலகளவில் முடிவாகிவிட்டது. நம் தகரக் கூரைப் பட்டறையில் அந்தக் குளிர்ச்சிக்கு எங்கே போவது? அது பரவாயில்லை, பிஸ்டனும் கருவியும் ஒரே சூட்டில் இருந்தால் பெரிய வித்தியாசம் வராது. கழுவி வெயிலில் காயவைத்த பிஸ்டனை உடனே எடுத்து அளப்பதுதான் தவறு. கருவியைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 58 மி.மீ. அலுமினியம் 0.02 மி.மீ.க்கு மேல் விரிந்திருக்கும்.

இப்படிக் கட்டிய எஞ்சின் பிடித்துக்கொண்டால் நம் தொழிலில் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ‘பெட்ரோலில் எண்ணெய் சரியாகக் கலக்கவில்லை’ என்று வாடிக்கையாளர் மேலேயே பழியைப் போட்டுவிடுவார்கள்.

நான் கேட்பது பெரிய செலவு அல்ல. அளவு தெரிந்த ஒரு வளையத்தையும் தேய்ந்த பிஸ்டன் ஒன்றையும் மேசையில் வையுங்கள். மாணவர் மூன்று முறை அளந்து மூன்றையும் எழுதட்டும். எந்த இடத்தில் அளந்தார் என்று படமும் வரையட்டும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் காரணத்தைச் சொல்லட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். எண் சரியா தவறா என்று மட்டும் பார்த்தால், பக்கத்தில் இருப்பவனின் தாளைப் பார்த்து எழுதிவிடுவான். வளையத்துக்கும் அதிகம் அலைய வேண்டியதில்லை. 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நுண்ணளவு வேலை நடக்கிறது. தங்கள் தரத்துக்கு உதவாது என்று அந்தத் தொழிற்சாலைகள் ஒதுக்கும் அளவுக் கட்டைகளும் வளையங்களும் நமக்குத் தாராளமாகப் போதும். நிலையத்தின் பெயரில் ஒரு கடிதம் போனால் கிடைக்கும் என்றே நினைக்கிறேன்.

தேய்ந்த பிஸ்டன்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அடுத்த சேர்க்கைக்கு முன் ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பிறையில் பட்டறை நடத்தும் ஒருவன்