ரெட்ஃபெர்னிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லாரும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நாங்கள் வீடு மாறி வந்திருக்கும் ஏரியா எப்படி என்று போனில் கேட்டீர்கள். அன்றைக்கு அவசரத்தில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரெட்ஃபெர்ன், சிட்னியின் பழைய தொழிலாளர் பகுதி. பக்கத்திலேயே ஈவ்லி என்று பெரிய ரயில்வே ஒர்க்‌ஷாப் இருந்தது, நம்ம பொன்மலை மாதிரி. 1980களின் கடைசியில் மூடிவிட்டார்கள். இப்போது அதில் ஒரு பகுதியில் நாடகமும் சனிக்கிழமைச் சந்தையும் நடக்கின்றன. தக்காளி வாங்கப் போனபோது தரையில் பழைய தண்டவாளம் பதிந்து கிடந்ததைப் பார்த்தேன், உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

இந்த ஊர் ஆட்களின் உயிர் சவுத் சிட்னி ரக்பி லீக் கிளப். சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட சட்டை, முயல் சின்னம். ரக்பி லீக் என்றால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம், ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான், ஆறு தடவை மடக்கிப் பிடித்துவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடி பார்த்துப் பழகிய உங்களுக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபடும். அந்தக் காலத்து ரக்பியில் அடிபட்டு வேலைக்குப் போகாமல் கிடந்தவனுக்குப் போன கூலிக்கு ஈடு கிடையாது, அந்தக் கோபத்தில் பிரிந்து வந்ததுதான் இந்த ரக்பி லீக் ஆட்டம். 1908 ஜனவரியில் ரெட்ஃபெர்ன் டவுன்ஹாலில் கிளப் தொடங்கி, அந்த வருடமே கோப்பையும் வாங்கிவிட்டார்கள்.

1970 இறுதி ஆட்டத்தில் கேப்டன் ஜான் சாட்லருக்குப் பத்தாவது நிமிடம் வாக்கில் எதிரணிக்காரன் குத்தித் தாடை உடைந்தது. அடிபட்டது எதிரணிக்குத் தெரியக் கூடாது, என்னைத் தாங்கிப் பிடி என்று கூட ஆடியவனிடம் சொல்லிவிட்டுக் கடைசி வரை ஆடி, கோப்பையோடுதான் வெளியே வந்தார்.

அப்படிப்பட்ட கிளப்பை 1999 சீசன் முடிந்ததும் லீக் போட்டியிலிருந்தே தூக்கிவிட்டார்கள் அப்பா. அணிகளைப் பதினான்காகக் குறைக்கணுமாம். பணக் கணக்கில் இவர்கள் பின்தங்கிவிட்டார்களாம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஈவ்லி ஒர்க்‌ஷாப்காரர் மகன், அதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் தடுமாறுகிறது. ஜார்ஜ் பிக்கின்ஸ் என்ற பழைய ஆட்டக்காரர் தலைமையில் கோர்ட்டுக்குப் போனார்கள். 2000 நவம்பரில் சுமார் எண்பதாயிரம் பேர் தெருவில் இறங்கி நடந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். அன்று அந்த அம்மா கழுத்தில் சுற்றியிருந்த மப்ளரை எடுத்துக் காட்டினார், சிவப்பு வெளுத்து ரோஸாகிவிட்டது, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது, துவைக்க யாரையும் விடுவதில்லை.

2001 ஜூலையில் அப்பீலில் ஜெயித்து, 2002-இல் திரும்பி வந்தார்கள். வந்த பிறகும் பல வருடம் தோல்விதான், ஆனாலும் மைதானத்துக்கு ஆள் வருவது நிற்கவில்லை. 2014 இறுதி ஆட்டத்தில் கேன்டர்பரி அணியை 30-6 என்று ஜெயித்து, 43 வருடம் கழித்துக் கோப்பை வாங்கினார்கள். கடைசியாகப் புள்ளி போட்டவர் கிரெக் இங்லிஸ், இந்த மண்ணின் பூர்வகுடி. ரெட்ஃபெர்னில் அவர்கள் ஜனம் நிறைய, இந்தக் கிளப் அவர்களுக்கும் சொந்த வீடு. அந்த ராத்திரி மனைவி உயிரோடு இல்லை, மப்ளரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன் என்றார் பெரியவர்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் பேரனை மேட்சுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவனுக்குச் சட்டை வாங்கியாச்சு. அம்மாவிடம் சொல்லுங்கள், போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்